மீன் கேட்காத நிறம்: தூண்டில் 'ஈ' கட்டுவதற்காக 299 பறவைகள் திருடப்பட்ட கதை

2009 ஜூன் மாதத்தில் ஓர் இரவு. லண்டன் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கில் புல்லாங்குழல் படித்துக்கொண்டிருந்த 20 வயது அமெரிக்க மாணவர் எட்வின் ரிஸ்ட், ரயில் ஏறி ட்ரிங் என்ற சிறிய ஊரில் இறங்கினார். அங்குள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஜன்னலை உடைத்து உள்ளே போனார். வெளியே வந்தபோது அவர் சூட்கேஸில் இருந்தது நகையோ ஓவியமோ இல்லை. பாடம் செய்து வைக்கப்பட்டிருந்த 299 பறவைகள். பல, நூறு ஆண்டுகளுக்கும் மேல் பழையவை.

செத்த பறவையைத் திருடி என்ன செய்வது? தூண்டில் முள்ளில் 'ஈ' கட்டுவதற்காம்!

அது என்ன ஈ?

நம்மூரில் தூண்டில் போடுகிறவர் முள்ளில் மண்புழுவைக் குத்துவார், இல்லையென்றால் மைதா உருண்டை. 'ஃப்ளை ஃபிஷிங்'கில் உயிருள்ள இரை கிடையாது. முள்ளின் மேலேயே நூல், இறகு, விலங்கு முடி எல்லாம் சுற்றிக் கட்டி, ஒரு பூச்சி போலக் காட்டுவார்கள். முள்ளைச் சின்ன 'வைஸ்' ஒன்றில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மெழுகு பூசிய நூலால் முதலில் உடம்பு, பிறகு இறக்கை, கடைசியாகத் தலை என்று கட்டிக்கொண்டே போக வேண்டும். இதற்கு எடையே இருக்காது என்பதால் சாதாரணத் தூண்டில் மாதிரி வீச முடியாது. அதனால் வீசுவது ஈயை அல்ல, தடிமனான கயிற்றை. கயிற்றின் எடை ஈயை இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீரில் வைக்கும்.

இது புதுசு இல்லை. சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன்பே, மாசிடோனியாவில் ஆற்றோரம் இருந்தவர்கள் முள்ளில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவல் இறகு இரண்டைச் செருகி மீன் பிடித்ததை ஈலியன் என்ற ரோமானிய எழுத்தாளர் எழுதி வைத்திருக்கிறார்.

டிரவுட் மீனுக்கு இந்தக் கணக்கு சரியாக வரும். ஆற்றில் அன்றைக்கு எந்தப் பூச்சி பறக்கிறதோ அதே அளவில், அதே நிறத்தில் ஈ இருந்தால் மீன் ஏமாந்துவிடும். அதற்குப் பழுப்பு, சாம்பல் நிறச் சேவல் இறகே போதும்.

சால்மன் கதை வேறு

அட்லாண்டிக் சால்மன், முட்டையிடக் கடலில் இருந்து ஆற்றுக்குள் வந்த பிறகு கிட்டத்தட்ட எதையுமே தின்பதில்லை. பசியே இல்லாத மீன் ஈயைக் கடிப்பது கோபத்திலா, பழக்கத்திலா என்று இன்றும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பூச்சியைப் போல இருக்க வேண்டிய கட்டாயம் இல்லாததால், சால்மன் ஈ கட்டுகிறவர்களுக்குக் கை முழுக்கச் சுதந்திரம். 19ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் அந்தச் சுதந்திரம் கட்டுமீறிப் போனது. உலகம் முழுவதும் இருந்து கப்பலில் இறகுகள் வந்து இறங்கிய காலம் அது. பெண்களின் தொப்பிக்குப் போனது போக, மீதி தூண்டில் முள்ளுக்கு வந்தது. ஜார்ஜ் கெல்சன் 1895ல் எழுதிய 'தி சால்மன் ஃப்ளை' என்ற புத்தகம், எந்த ஈக்கு எந்தப் பறவையின் எந்த இறகு என்று சமையல் குறிப்பு போலவே சொல்லும். மீன் கேட்டதா இந்த நிறங்களை? இல்லை. கட்டுகிறவர் கேட்டார்.

இதில் ஒரு வேடிக்கை: இவர்கள் 'இந்தியன் க்ரோ' என்று சொல்லி உயிரை விடும் ஆரஞ்சு இறகுக்குச் சொந்தக்காரப் பறவை தென் அமெரிக்காவில் இருக்கிறது. இந்தியாவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. காக்காயும் இல்லை.

நிஜமாகவே இங்கிருந்து போனது 'ஜங்கிள் காக்'. அதாவது மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் விடிகாலையில் கூவுகிற நம்ம சாம்பல் காட்டுச் சேவல். அதன் கழுத்து இறகுகளில் மெழுகு சொட்டு விட்டது போல மஞ்சளும் வெள்ளையுமாகப் பளபளப்பான புள்ளிகள் இருக்கும். ஈயின் இரு பக்கமும் கண் வைக்க அதுதான் வேண்டும். 'ஜாக் ஸ்காட்' என்ற புகழ்பெற்ற ஈயே இது இல்லாமல் முழுமையாகாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்தச் சேவலை வேட்டையாடவும் முடியாது, இறகை வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. பிரிட்டனில் இப்போது வளர்ப்புப் பறவைகளில் இருந்துதான் எடுக்கிறார்கள்.

காட்டுச் சேவலை வளர்க்கலாம். சொர்க்கப் பறவையையும் கொட்டிங்காவையும் அப்படிப் பண்ணையில் வளர்த்து இறகு எடுக்க வழியில்லை. பழைய புத்தகத்தில் சொன்ன அதே இறகால்தான் கட்டுவேன் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு, ஒரு ஜோடி இறகுக்கே பெரிய விலை கொடுக்க வேண்டிய நிலை. இதில் பலர் மீன் பிடிப்பதே இல்லை என்பது இன்னொரு விஷயம். மணிக்கணக்கில் கட்டிய ஈ தண்ணீரைத் தொடாமலே கண்ணாடிச் சட்டத்துக்குள் போய்விடும். சிறு வயதிலேயே இந்தக் கலையில் பெயர் வாங்கிய ரிஸ்ட்டும் இந்த வட்டத்தில் வளர்ந்தவர்தான்.

லேபிள் போனால் என்ன?

ட்ரிங்கில் திருடு போனவற்றில் சில, பரிணாமக் கொள்கையை டார்வினைப் போலவே தனியாகக் கண்டறிந்த ஆல்பிரட் ரஸல் வாலஸ் சேகரித்தவை. 1854 முதல் 1862 வரை மலாய்த் தீவுக்கூட்டத்தில் காய்ச்சலோடு அலைந்து சேர்த்த பறவைகள். ஒவ்வொன்றின் காலிலும் ஒரு சிறு காகிதம் கட்டியிருக்கும்: எந்த ஊர், எந்தத் தேதி, யார் பிடித்தது. ஆராய்ச்சியாளருக்கு இறகைவிட அந்தக் காகிதம்தான் பெரிசு.

ஏன் என்பதற்கு ஓர் உதாரணம். 1967ல் டெரெக் ராட்கிளிஃப் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், பழைய சேகரிப்புகளில் இருந்த பொரி வல்லூறு முட்டைகளின் ஓடுகளை ஆண்டு வாரியாக ஒப்பிட்டார். 1940களின் பிற்பகுதியில் இருந்து ஓடு திடீரென மெலிந்திருந்தது. டிடிடி பூச்சிக்கொல்லியின் விளைவு வெளிச்சத்துக்கு வந்தது இப்படித்தான். முட்டையில் ஆண்டு எழுதாமல் இருந்திருந்தால் அது வெறும் ஓடு.

ரிஸ்ட் விற்பனைக்காக லேபிள்களை அறுத்துவிட்டார். சில பறவைகளின் இறகைத் தனித்தனியாகப் பிய்த்தும் விற்றார், இணையத்தில், வெளிப்படையாகவே. அருங்காட்சியகத்துக்குப் பறவைகள் காணாமல் போனதே ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. உடைந்த ஜன்னலை மறுநாளே பார்த்தார்கள். ஆனால் லட்சக்கணக்கான பறவைகள் இழுப்பறைகளில் இருக்கும் இடத்தில் எது குறைந்தது என்று யாருக்குத் தெரியும்?

2010 நவம்பரில் கைது. 2011 ஏப்ரலில் தீர்ப்பு: 12 மாத சிறைத் தண்டனை, ஆனால் நிறுத்திவைக்கப்பட்டது. ஆஸ்பெர்கர் குறைபாடு இருப்பதாக மருத்துவ நிபுணர் சொன்னதை நீதிமன்றம் கணக்கில் எடுத்தது. சிறைக்குப் போகவில்லை, 1,25,150 பவுண்டு கட்டச் சொன்னார்கள். இந்தத் தீர்ப்பு அருங்காட்சியகத்தில் பலருக்கு இன்னும் ஜீரணமாகவில்லை.

2018ல் கிர்க் வாலஸ் ஜான்சன் என்ற எழுத்தாளர் 'தி ஃபெதர் தீஃப்' புத்தகத்தில் இந்தத் திருட்டை விரிவாகத் துருவினார். அதற்குப் பிறகு ஈ கட்டுகிறவர்களில் சிலர் வெளிப்படையாகவே மாறியிருக்கிறார்கள். வான்கோழி, கோழி இறகுக்குச் சாயம் ஏற்றிக் கட்டிப் படம் போடுகிறார்கள், பார்வைக்குப் பெரிதாக வித்தியாசம் தெரிவதில்லை. மீனுக்கு என்றைக்குமே தெரிந்ததில்லை.

கைதின்போது முழுசாகக் கிடைத்தவை 174 பறவைகள். அவற்றில் லேபிளோடு இருந்தவை 102 மட்டுமே. மற்ற 72ம் ட்ரிங்குக்குத் திரும்பி வந்துவிட்டன. எந்தத் தீவில், எந்த ஆண்டில் பிடிபட்டவை என்று சொல்ல அவற்றின் காலில் எதுவும் இல்லை.