பூட்டுக் குறி எதற்குச் சாட்சி?

எமிஸ் தளத்தில் விவரம் பதியாத அரசுப் பள்ளி ஆசிரியர் இன்று இல்லை. மாணவரின் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், பெற்றோரின் கைபேசி எண் எல்லாம் நம் கைவழியே செல்கின்றன. வழியில் அவற்றைக் காப்பது எது?

விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு அஞ்சலட்டை அனுப்பினால் இடையில் எவரும் படிக்கலாம். ஒட்டிய உறையில் அனுப்பினால் படிக்க முடியாது. இணைய முகவரியின் தொடக்கத்தில் வரும் 'எச்டிடிபிஎஸ்' அந்த உறை. ஆனால் உறை உரியவரிடம்தான் சேருகிறதா? அதற்குச் சாட்சியே பாதுகாப்புச் சான்றிதழ்.

அது உருவாகும் முறையை வகுப்பில் இப்படி விளக்குகிறேன். 'ஓப்பன் எஸ்எஸ்எல்' போன்ற மென்பொருளால் சர்வரில் இரண்டு சாவிகளை உருவாக்குகிறோம். பொதுச் சாவியை யாருக்கும் தரலாம். தனிச் சாவியோ தலைமையாசிரியர் பூட்டி வைத்திருக்கும் அலுவலக முத்திரை போன்றது. வெளியே போகக் கூடாது. அடுத்து, தளத்தின் பெயரையும் பொதுச் சாவியையும் இணைத்துச் சான்றளிக்கும் நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கிறோம். அந்தப் பெயர் நம் கட்டுப்பாட்டில் உள்ளதா என்று சோதித்தபின், நிறுவனம் மின் கையொப்பமிட்ட சான்றிதழைத் தருகிறது. அதைச் சர்வரில் நிறுவுகிறோம். 'லெட்ஸ் என்கிரிப்ட்' அமைப்பு 2015 முதல் இதை இலவசமாக வழங்குகிறது.

நாமே கையொப்பமிட்டும் ஒரு சான்றிதழ் தயாரிக்கலாம். அது சுயசான்றொப்பம் போன்றது. ஆய்வகப் பயிற்சிக்குப் போதும். ஆனால் உலாவி அதை நம்பாமல் எச்சரிக்கும்.

சான்றளிப்பவரிடமே தவறு நேர்ந்தால்? 2014 ஜூலையில், தேசியத் தகவலியல் மையத்தின் சான்றளிப்புப் பிரிவின் வழியாகக் கூகுள் முகவரிகளுக்கு அனுமதியற்ற சான்றிதழ்கள் வெளிவந்திருப்பது தெரிந்தது. இந்தியச் சான்றளிப்புக் கட்டுப்பாட்டாளர் அப்பிரிவின் இடைநிலைச் சான்றிதழ்களை உடனே ரத்து செய்தார். ஒரு கையொப்பத்தின் மீதான நம்பிக்கை குலைந்தால், அதன்கீழ் வந்த எல்லாச் சான்றிதழ்களும் செல்லாமல் போகும்.

இன்னொன்றையும் மாணவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். சான்றிதழ் 'பெயர் உண்மை' என்கிறதே தவிர 'ஆள் நல்லவர்' என்று சொல்வதில்லை. உதவித்தொகை என்று ஏமாற்றும் தளமும் தன் பெயருக்கு முறையான சான்றிதழ் வாங்கலாம். பூட்டுக் குறியைப் பார்த்துப் பலர் தளத்தையே நம்பியதால், 2023இல் குரோம் உலாவி அதை நீக்கி வேறு குறியை வைத்தது.

எனவே இரண்டு பழக்கங்கள் போதும். விவரம் பதியுமுன் முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். 'சான்றிதழ் செல்லாது' என்று உலாவி எச்சரித்தால், அவசரத்தில் 'தொடர்க' என்பதை அழுத்தாதீர்கள். அங்கே பதியப்போவது நம் மாணவரின் குடும்ப விவரம்.