படைத்தவரும் பாடநூலும்

அரையாண்டுத் தேர்வு நெருங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருப்பலி முடிந்து மக்கள் கலைந்த பின்னர், பத்தாம் வகுப்பில் பயிலும் சிறுவன் ஒருவன் தன் தந்தையுடன் பங்கு இல்லத்துக்கு வந்தான். கையில் அறிவியல் பாடநூல் இருந்தது. தந்தை சோழவந்தான் பகுதியில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்துப் பிழைப்பவர். ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வருபவர்.

"சுவாமி, உயிர்களெல்லாம் ஒன்றிலிருந்து ஒன்றாக மாறி வந்தன என்று இவன் புத்தகத்தில் போட்டிருக்கிறது. இதைப் படிக்கலாமா? மதுரையில் என் தங்கை மகன் மத்தியப் பாடத்திட்டத்தில் படிக்கிறான். அவன் புத்தகத்தில் இந்தப் பாடத்தையே எடுத்துவிட்டார்களாம். இங்கேயும் எடுத்துவிடலாம், இல்லாவிட்டால் ஆண்டவர் ஆறு நாளில் உலகத்தைப் படைத்ததையும் கூடவே சேர்க்கலாம் அல்லவா?" என்று கேட்டார்.

சிறுவனுடைய கேள்வி அதைவிடச் சிறியது. "பரீட்சையில் வந்தால் நான் என்ன எழுதட்டும், சுவாமி?"

அந்தச் சிறிய கேள்வி என் நெஞ்சைச் சுட்டது. பல ஆண்டுகளுக்கு முன், நான் உதவிப் பங்குத் தந்தையாக இருந்த வேறோர் ஊரில், இதே வயதுப் பிள்ளை ஒருவன் மறைக்கல்வி வகுப்பில் இதே ஐயத்தை எழுப்பினான். விசுவாசத்தில் சந்தேகம் ஆகாது என்று அதட்டி அவனை உட்கார வைத்தேன். கல்லூரிக்குச் சென்றபின் அவன் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டான். அதற்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். ஆயினும், குருமடத்தில் நான் படித்தறிந்த விடையை அவனுக்குச் சொல்லாமற் போனது என் குற்றமே. ஆகவே இம்முறை தந்தையையும் மகனையும் அமரச் செய்து நிதானமாகப் பேசினேன். இதே கேள்வி வேறு வீடுகளிலும் எழக்கூடும் என்பதால், அன்று பேசியவற்றை இங்கே விரித்து எழுதுகிறேன்.

பாடம் நீங்கிய வரலாறு

தந்தை கேள்விப்பட்டது உண்மையே. தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழு, கொரோனாக் காலத்தை ஒட்டி மாணவர் சுமையைக் குறைப்பதாகக் கூறிப் பாடங்களைச் சுருக்கியது. பத்தாம் வகுப்பு அறிவியலில் மரபும் பரிணாமமும் சேர்ந்திருந்த பாடம், 2023ஆம் ஆண்டு வெளிவந்த நூலில் மரபு என்பதோடு நின்றுவிட்டது. 12ஆம் வகுப்பு உயிரியலில் பரிணாமம் இருக்கிறது. ஆனால் உயிரியலை எடுக்காதவர் அதைப் படிக்க வாய்ப்பில்லை. இதை எதிர்த்து 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளரும் ஆசிரியரும் அவ்வாண்டு ஏப்ரலில் திறந்த மடல் வெளியிட்டனர். தமிழக அரசு 2019இல் வெளியிட்ட பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலோ உயிரின் தோற்றமும் பரிணாமமும் தனிப் பாடமாகவே இடம்பெற்றன.

இதற்கு முன்பே, 2018 சனவரியில், மத்திய மனிதவள மேம்பாட்டுத் துறையின் இணை அமைச்சராயிருந்த சத்யபால் சிங், குரங்கு மனிதனானதைக் கண்டதாக நம் முன்னோர் எவரும் சொல்லவில்லை. டார்வினின் கொள்கை தவறு. பாடத்திட்டம் மாற வேண்டும் என்னும் கருத்தை வெளியிட்டார். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் கூட்டாக அதை மறுத்தன.

அமைச்சர் மட்டுமல்ல, நம்மில் பலரும் இங்கே ஒரு தவறு செய்கிறோம். இன்றைய குரங்கு நம் பாட்டன் என்று எந்த அறிவியல் நூலும் கூறவில்லை. பெரியப்பா மகன் நமக்குத் தந்தையாவதில்லை. ஆனால் அவருக்கும் நமக்கும் பாட்டனார் ஒருவரே. அதுபோல மிகத் தொலைவான காலத்தில் இரு கிளைகளுக்கும் பொதுவான மூதாதை இருந்தது என்பதே அவர்கள் கூறுவது.

யாருடைய படைப்பு வரலாறு?

ஆதியாகமத்தையும் பாடநூலில் சேர்க்கலாமே என்றார் தந்தை. சற்றே எண்ணிப் பார்ப்போம். நம் ஊர்ப் பள்ளியின் ஒரே வகுப்பில் பல சமயப் பிள்ளைகள் அமர்ந்திருக்கிறார்கள். ஒவ்வொரு சமயத்துக்கும் படைப்பைப் பற்றிய மரபு உண்டு. நம்முடையதைச் சேர்த்தால் மற்றவர்களுடையதைத் தள்ளுவது நீதியாகுமா? அறிவியல் வகுப்பில் சமயம் நுழையலாம் என்று ஒருமுறை ஒப்புக்கொண்டால், எந்தச் சமயம் என்பதை எண்ணிக்கையே முடிவு செய்யும். சிறுபான்மையினராகிய நாம் இதை மறத்தலாகாது. முற்றிலும் அரசு நிதியால் நடைபெறும் கல்வி நிலையங்களில் சமய போதனை கூடாது என்று நம் அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு கூறுவது நமக்கும் பாதுகாப்பே.

அமெரிக்காவில் இந்தச் சோதனை நடந்தே முடிந்தது. அர்க்கன்சாஸ் மாநிலத்தில், பரிணாமம் கற்பிக்கும் பள்ளிகள் படைப்பு அறிவியல் என்பதற்கும் சம இடம் தர வேண்டுமென்று 1981இல் சட்டம் இயற்றினார்கள். அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தவர்கள் நாத்திகர் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் வழக்காளிகளில் பல சபைகளின் ஆயர்கள் இருந்தனர். லிட்டில் ராக் மறைமாவட்டத்தின் கத்தோலிக்க ஆயரும் ஒருவர். சமய நம்பிக்கைக்கு அறிவியல் வேடமிடுவது சமயத்துக்கே இழுக்கு என்பதை உணர்ந்தவர்கள் அவர்கள். 1982 சனவரியில் அச்சட்டம் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. லூசியானா மாநிலத்தின் இத்தகைய சட்டத்தை 1987இல் உச்ச நீதிமன்றமே தள்ளியது.

திருச்சபையின் மனம்

இது புதிய மனப்பான்மை அன்று. ஏறத்தாழ 1,600 ஆண்டுகளுக்கு முன்பே புனித அகுஸ்தினார், விண்ணையும் மண்ணையும் பற்றி அறியாமல் பேசிவிட்டு அதற்கு வேதாகமத்தைச் சாட்சியாக இழுக்கும் கிறிஸ்தவர்களைக் கண்டித்தார். கண்கூடான செய்தியிலேயே தவறுபவர் உயிர்ப்பையும் நித்திய வாழ்வையும் பற்றிச் சொன்னால் பிறர் எப்படி நம்புவார் என்பதே அவர் கவலை.

திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் 1950இல் எழுதிய சுற்றுமடலில், மனித உடல் முன்னிருந்த உயிர்ப்பொருளிலிருந்து தோன்றியதா என்பதை அறிஞர்கள் ஆராயலாம் என்றார். ஆன்மாவை இறைவனே நேராகப் படைக்கிறார் என்பதைப் பற்றிக்கொள்ளச் சொன்னார். 2ஆம் அருள் சின்னப்பர் 1996 அக்டோபரில், பரிணாமம் வெறும் ஊகத்தைக் கடந்த கொள்கையாகிவிட்டது என்று ஏற்றுக்கொண்டார். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், படைப்பும் பரிணாமமும் முரண்பட்டவை அல்ல என்று 2014இல் தெளிவுபடுத்தினார். இரண்டாம் வத்திக்கான் பொதுச் சங்கமோ, வேதாகமத்தின் ஒவ்வொரு பகுதியும் எந்த இலக்கிய வகையைச் சேர்ந்தது என்பதை அறிந்தே அதன் பொருளைத் தேட வேண்டுமென 1965இல் கற்பித்தது.

மரபியலுக்கு அடிகோலிய மெண்டல் அகுஸ்தினார் சபைத் துறவி; மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை வளர்த்தே தம் ஆய்வை 1866இல் வெளியிட்டார். பேரண்டம் விரிந்துவந்த கொள்கைக்கு வித்திட்ட லெமேத்தர் பெல்ஜிய நாட்டுக் குரு. அக்கொள்கையைப் படைப்புக்குச் சான்றாகக் காட்டுவதை அவரே விரும்பவில்லை. அறிவியல் நாளை திருத்தப்படலாம். விசுவாசத்தை அதன்மேல் கட்டலாகாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

கொடிக்காலில் ஒரு பாடம்

இவ்வளவையும் கேட்ட தந்தை, "சுவாமி, என் கண்ணால் காண ஏதாவது உண்டா?" என்றார். அவர் தொழிலிலேயே உண்டு.

வெற்றிலையை நாம் விதையிட்டு வளர்ப்பதில்லை. கொடியை வெட்டி, அகத்தியின் அடியில் நடுகிறோம். ஒரே தாய்க் கொடியின் துண்டுகள் தாயைப் போலவே இருக்கும். ஆதலால் வாடல் நோய் புகுந்தால் ஒன்றைத் தாக்கியது அனைத்தையும் தாக்குகிறது. விதையில் முளைப்பவை அப்படியல்ல. ஒன்றுக்கொன்று சிறிது வேறுபடும். நோயையும் வறட்சியையும் தாங்கியவை விதைக்கும், தாங்காதவை அழியும். நல்ல கதிரை விதைக்கென்று ஒதுக்கும் உழவர் சில தலைமுறைகளில் செய்வதை, இயற்கை நெடுங்காலத்தில் செய்கிறது. டார்வினும் 1859இல் வெளியிட்ட தம் நூலை, மனிதர் வளர்க்கும் புறாக்களையும் பயிர்களையும் காட்டியே தொடங்கினார்.

காசநோய்க்கு மருந்துண்பவரை, நடுவில் நிறுத்தாதே என்று மருத்துவர் எச்சரிப்பதேன்? பாதியில் நிறுத்தினால், மருந்தைத் தாங்கவல்ல கிருமிகள் எஞ்சிப் பெருகும். பின்னர் அம்மருந்து பயன்படாது. இதுவும் அதே விதிதான். இப்பாடத்தை அறியாத பிள்ளை நாளை நோயாளிக்கோ பயிருக்கோ எப்படி உதவும்?

காலத்தின் நீளமும் நம் மண்ணிலேயே எழுதப்பட்டுள்ளது. அரியலூர்ச் சுண்ணாம்புக் கற்களில் கடல் சிப்பிகள் புதைந்துள்ளன; ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கும் முன் அங்கே கடல் இருந்தது. திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் பழமையானவை என்று 2011இல் ஆய்வாளர் வெளியிட்டனர். உலகுக்கு வயது ஆறாயிரம் ஆண்டே என்று பிள்ளையிடம் சாதித்தால், அவன் இவற்றைக் காணும் நாளில் நம்மையும் நம் வேதத்தையும் சேர்த்தே தள்ளிவிடுவான்.

வீட்டில் கற்பிக்க வேண்டியது

அப்படியானால் ஆதியாகமம் எதற்கு? பாடநூல் சொல்ல இயலாததைச் சொல்வதற்கு. உலகம் தற்செயலாகக் கிடப்பதன்று, அன்பினால் உண்டானது, அது நல்லது, மனிதன் இறைவனின் சாயல் என்பவற்றை எந்த ஆய்வுக் கூடமும் அளந்து கூற முடியாது. பரிணாமம் உண்மையாதலால் கடவுள் இல்லை என்று எவரேனும் சொன்னால், அவர் அறிவியலின் எல்லையைத் தாண்டிப் பேசுகிறார். அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

பெற்றோரே, ஒன்றை மட்டும் வருத்தத்தோடு கேட்கிறேன். ஆதி மனிதனைப் பற்றிப் பாடநூலோடு வழக்காடும் நாம், ஒரே பந்தியில் அமரவும் ஒரே கல்லறைத் தோட்டத்தில் அடங்கவும் சாதி பார்க்கவில்லையா? மனிதர் அனைவரும் ஓரினமே என்கிறது அறிவியல். அனைவரும் ஒரே தந்தையின் சாயல் என்கிறது வேதம். இரண்டையும் ஒருங்கே மறுப்பது நம் சாதி வழக்கம். ஆதியாகமத்தைக் காக்க விரும்புவோர் முதலில் அங்கே காக்கட்டும்.

இறுதியில் அச்சிறுவனிடம், "தம்பி, பரீட்சையில் பாடநூலில் உள்ளதையே தெளிவாக எழுது, அதில் பாவமில்லை. இரவில் செபம் சொல்லும்போது, விண்ணையும் மண்ணையும் படைத்த பிதாவை விசுவசிக்கிறேன் என்று முழு மனத்தோடு சொல், அதில் பொய்யில்லை" என்றேன். தந்தை சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு மகனிடமிருந்து நூலை வாங்கி, "இந்தக் கொடிக்கால் கணக்கு இதில் எந்தப் பக்கத்தில் வருகிறது, காட்டு" என்றார். இருவரும் திண்ணையில் அமர்ந்து பக்கங்களைப் புரட்டத் தொடங்கினார்கள்.