உஷார்! ஆற்றங்கரையில் நண்டுக் குளம் வெட்டப் போகிறீர்களா?

நண்டுக் குஞ்சுகளை வாங்கிக் குளத்தில் விடலாம், அடைமழைக் காலத்தில் வீட்டுத் தொட்டியில் வைத்துக் காப்பாற்றலாம், தை பிறந்ததும் விற்றுவிடலாம். இப்படி ஒரு கணக்கு உங்கள் மனதில் ஓடினால், முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். அம்பாசமுத்திரம் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை ஆற்றையும் கால்வாயையும் ஒட்டி நிலம் வைத்திருக்கும் எல்லோருக்கும் இந்த எச்சரிக்கை. உங்கள் குளத்திலிருந்து தப்பும் நண்டு போய்ச் சேரும் இடம் தாமிரபரணி. அங்கிருந்து அதைத் திரும்பப் பிடிக்க யாராலும் முடியாது.

குளிர்காலத்தில் நண்டைக் குளத்திலும் தொட்டியிலும் பாதுகாக்கும் முறைகள் பெரும்பாலும் சீனாவைச் சேர்ந்தவை. அங்கே வளர்ப்பது கொடுக்கில் ரோமம் அடர்ந்த சீன நண்டு. குளத்து நீர் உறையும் ஊர்களில் ஆழம் கூட்டுவதற்கும் சூடு காப்பதற்கும் காரணம் உண்டு. திருநெல்வேலியில் மார்கழி விடியலில்கூடத் தண்ணீர் உறையாது. நம்மூர் நண்டுக்கு ஹீட்டரும் வேண்டாம், குளிர் வைத்தியமும் வேண்டாம். இங்கே அந்த மாதங்களின் ஆபத்து வெள்ளம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பள்ளத்தாக்கில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகள் நூற்றுக்கணக்கில் சிக்கித் தவித்தார்கள். குளங்கள் உடைந்தன, வயலும் ஆறும் ஒன்றாயின. அப்படி ஒரு இரவில் உங்கள் நண்டுக் குளத்தைச் சுற்றிக் கட்டிய வலை நிற்குமா?

தப்பிய நண்டு என்ன செய்யும் என்பதற்கு ஐரோப்பா சாட்சி. 1912-இல் ஜெர்மனியின் ஆலர் ஆற்றில் சீன நண்டு முதன்முதலாகப் பிடிபட்டது. பிறகு பல நாட்டு ஆறுகளில் பரவி, கரைகளைக் குடைந்து, மீனவர் வலைகளை நாசம் செய்தது. உப்புநீரில் முட்டையிடும் இந்த இனத்தின் குஞ்சுகள் ஆற்றை எதிர்த்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மேலே ஏறக்கூடியவை. பொதிகையிலிருந்து புன்னைக்காயல் வரை தாமிரபரணியின் மொத்த நீளமே ஏறக்குறைய 128 கிலோமீட்டர்தான். நம் வெயிலில் சீன நண்டு நிலைக்குமா என்பதை ஆற்றில் விட்டுச் சோதிக்கக் கூடாது. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டை இன்று எந்தக் குளத்தில் இல்லை? ஒருமுறை விட்டது விட்டதுதான்.

'உள்ளூர் நண்டுதானே' என்று வயல் நண்டைப் பிடித்து அடைக்க நினைப்பவர்களும் உஷார்! அது வளை தோண்டும் பிராணி. குளத்துக்கரையில் ஒரு வளை உள்ளே இருந்து வெளியே துளைத்துவிட்டால், முதலில் கசிவு, அடுத்து மண் அரிப்பு, கனமழையில் உடைப்பு. நட்டம் உங்களோடு நிற்காது; கீழ்மடைக்காரர் நாற்றும் போகும்.

வயல் நண்டு இனங்கள் குறைவாகவே முட்டையிடும். முட்டைக்குள்ளேயே வளர்ந்து, குட்டி நண்டாகவே வெளிவந்து, தாயின் வயிற்று மடலுக்கடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தாய் நண்டுகளை வாரிக்கொண்டு வந்தால் வயலில் இனமே குறையும். களக்காடு முண்டந்துறை ஓடைகளில் கை வைக்கவே வைக்காதீர்கள். அது புலிகள் காப்பகம். அனுமதியில்லாமல் பிடிப்பது குற்றம்.

இன்னொரு ஏமாற்று: சேற்று நண்டுக் குஞ்சை 'நன்னீரிலும் வளரும்' என்று விற்பது. அது கழிமுகத்து உயிர். அதன் இளம்புழுக்கள் கடல் உப்பில்தான் பிழைக்கும். தூத்துக்குடிக் கடலோர உவர்நீர்க் குளத்துக்குப் பொருந்துவது சேரன்மகாதேவிக் கிணற்று நீருக்குப் பொருந்தாது. கடலோரக் குளத்திலும் ஒரே மழையில் உப்பு சட்டென்று இறங்கும். அங்கேயும் கவனம் தேவை.

வீட்டுத் தொட்டி பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். ஓடு கழற்றிய நண்டின் உடல் மெத்தென்றிருக்கும். பக்கத்து நண்டு அதைத் தின்றுவிடும். மிச்ச இரையும் கழிவும் அழுகி அம்மோனியா ஏறும். மின்சாரம் போய்க் காற்று மோட்டார் நின்றால், நண்டு அந்தக் காற்றுக் குழாயைப் பிடித்தே ஏறி வெளியே வந்துவிடும். இறாலைத் தாக்கும் வெள்ளைப் புள்ளி வைரஸ் நன்னீர் நண்டையும் தொற்றும். தொட்டித் தண்ணீரைக் கால்வாயில் கொட்டினால் கடலோர இறால் பண்ணைகள் வரை பாதிப்பு போகலாம்.

ஆகவே, உடனே செய்ய வேண்டியவை:

• என்ன இனம் என்று எழுத்தில் தராதவரிடம் ஒரு குஞ்சுகூட வாங்காதீர்கள். வெளிநாட்டு இனம் என்றால், மத்திய மீன்வளத் துறை அனுமதியைக் காட்டச் சொல்லுங்கள்.

• தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியிலோ மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்திலோ தண்ணீரையும் திட்டத்தையும் காட்டிவிட்டு முதலீடு செய்யுங்கள்.

• வெள்ளம் ஏறும் தாழ்நிலத்தில் நண்டுக் குளம் வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே இருந்தால், ஐப்பசிக்கு முன் அறுவடையை முடித்து, கரையில் வளைகளைத் தேடி அடையுங்கள்.

• தொட்டியில் நண்டுகளைத் தனித்தனியே பிரித்து வையுங்கள். இறுக்கமான வலைமூடி போடுங்கள். ஏறி உட்கார ஒரு கல் வையுங்கள். கழிவுநீரைப் பிளீச்சிங் பவுடர் கலந்து வைத்து, நீர்நிலைக்குப் போகாத இடத்தில் கொட்டுங்கள்.

• சளிக்கு நல்லது என்று பச்சை நண்டை இடித்துச் சாறு குடிக்காதீர்கள். மணிப்பூர் போன்ற மாநிலங்களில் நன்னீர் நண்டு வழியாக நுரையீரல் புழு மனிதருக்கு வந்து, காசநோய் போலவே இருமலில் ரத்தம் வரவைத்திருக்கிறது. ரசமோ குழம்போ, நன்றாகக் கொதித்து வெந்தபிறகே சாப்பிடுங்கள்.

• வளர்க்க முடியாமல் போனாலும் ஆற்றில் மட்டும் விடாதீர்கள். பாவம் பார்த்து விடும் ஒரு தாய் நண்டு, வயிற்றில் ஒரு கூட்டத்தையே சுமந்திருக்கும்.