வாயிலுக்கு வந்தவர் வீணே திரும்பலாமா?

வைகாசி பிறந்துவிட்டால் திருகோணமலைக் கடல் அமைதியுறும். உப்புவெளி, நிலாவெளிக் கரைகளை நாடி உல்லாசப் பிரயாணிகள் திரள்வர். புறாமலைக்குப் படகுகள் விரையும். கோணேசர் ஆலயத்திலும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளிலும் கூட்டம் நிறையும். இவர்களுள் பலர், வீட்டைவிட்டுப் புறப்படுமுன்னரே இணையத்தளங்களில் தங்குமிடம் தேடுபவர்கள்.

பத்து அறைகள் கொண்ட ஒரு சிறு விடுதியை எடுத்துக்கொள்வோம். ஆடி மாதத்தில் ஒருநாள் அதன் தளத்தை நூறு பேர் நாடினர் என்று வைத்துக்கொண்டால், பத்துக் குடும்பத்தினர்க்கே இடமுண்டு. எஞ்சியோர் “அறை இல்லை” என்ற சொற்களைக் கண்டு அகல்வர். மார்கழியில் கடல் கொந்தளிக்கும்போதோ, அதே விடுதி ஆளின்றிக் கிடக்கும். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ள வேண்டுமன்றோ?

மிகையைப் பயன்படுத்தும் வழியை நம் முன்னோர் அறிந்திருந்தனர். உலர் வலயத்தில் அவர்கள் குளங்களைத் தொடராக அமைத்தனர். மேற்குளம் நிறைந்து வான் பாய்ந்தால், அந்நீர் கீழ்க்குளத்தைச் சென்று சேரும்; வீணாகாது.

இணைய உலகிலும் இம்முறையைக் கையாண்டோர் உளர். 1996ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டோனி ஷே, சஞ்சய் மதன் என்னும் இளைஞர் இருவர் ‘லிங்க் எக்ஸ்சேஞ்ச்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். ஒருவர் தமது தளத்தில் பிறர் விளம்பரங்களை இருமுறை காட்டினால், அவருடைய விளம்பரம் வேறொரு தளத்தில் ஒருமுறை காட்டப்படும். எஞ்சிய பாதியை நிறுவனம் விற்றுப் பொருளீட்டியது. கைப்பணமில்லாத சிறு தளத்தாரும் தம்மிடம் வருவோரையே முதலாகக் கொண்டு விளம்பரம் பெற்றனர். 1998இல் மைக்ரோசொப்ட் இந்நிறுவனத்தை 26 கோடியே 50 இலட்சம் டொலருக்கு வாங்கியது. அமேசன் நிறுவனமும் 1996இலேயே, பிற தளங்கள் அனுப்பிவைப்போர் பொருள் வாங்கினால் அத்தளங்களுக்குத் தரகு வழங்கும் முறையைத் தொடங்கிற்று.

நம் விடுதிக்காரர் செய்யத்தக்கது யாது? அறை நிறைந்த நாளில், இடமுள்ள அயல் விடுதியின் பெயரைத் தம் தளத்தில் காட்டலாம். அயலாரும் அவ்வாறே செய்வர். படகோட்டிக்கும் வழிகாட்டிக்கும் ஆள் சேர்த்துக் கொடுத்து, சிறு தரகு பெறலாம். விரும்புவோரின் மின்னஞ்சல் முகவரியைக் கேட்டு வைத்துக்கொண்டு, கூட்டம் குறைந்த மாதங்களில் குறைந்த கட்டணத்தை அறிவிக்கலாம்.

நிற்க. வருவோர் நீரல்லர், மனிதர். அவர்தம் நம்பிக்கையே விடுதியின் மூலதனம். தரகு பெறுவதை மறைத்தலும், தரமற்ற இடத்துக்கு அனுப்புதலும், முகவரிகளைப் பிறருக்கு விற்றலும் அம்முதலை அழித்துவிடும். இலங்கைப் பாராளுமன்றம் 2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியதும் இத்தகைய தீங்குகளைத் தடுக்கவே.

கணினி கற்கும் மாணவர்களே! உங்கள் பெற்றோரோ அயலாரோ விடுதி நடத்துவாராயின், “அறை இல்லை” என்னும் அந்தப் பக்கத்தை முதலில் திறந்து பாருங்கள். “எங்களிடம் இன்று இடமில்லை, அடுத்த வீட்டில் உண்டு” என்ற ஒருவரியை அதில் சேருங்கள். வந்தவருக்கு வழி பிறக்கும். அயலாருக்குப் பிழைப்பு பிறக்கும். உங்கள் வீட்டுக்கு நற்பெயர் நிலைக்கும்.