எழுதி வாங்கும் உறுதிமொழியும் நீதிமன்றத் தடையாணையும்

குழந்தைத் திருமணம் நடக்கவிருப்பதாக 1098 என்னும் உதவி எண்ணுக்குத் தகவல் வந்ததும் விரைந்து செல்லும் குழந்தைகள் நலப் பணியாளர்கள், மகளுக்கு 18 வயது நிறையும்வரை மணம் முடிக்க மாட்டோம் என்று பெற்றோரிடம் எழுதி வாங்கிக்கொண்டு திரும்புவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. அந்த எழுத்து அன்றைய திருமணத்தை நிறுத்தலாம். ஆனால், சில நாள் கழித்து வேறோர் ஊரில் தாலி கட்டப்பட்டுவிட்டால், அத்திருமணத்தைச் செல்லாததாக்கும் வலு அதற்கு இல்லை.

குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், 2006 இதைவிட உறுதியான வழியைத் தந்திருக்கிறது. அதன் 13ஆம் பிரிவின்படி குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலரோ, செய்தியறிந்த பிறரோ நீதித்துறை நடுவரை அணுகித் தடையாணை, அதாவது திருமணத்தை நடத்தக்கூடாது என்னும் கட்டளை, பெறலாம். அவசரமெனில் எதிர்த்தரப்புக்கு முன்னறிவிப்புத் தராமலேயே இடைக்காலத் தடை விதிக்கவும் நடுவருக்கு அதிகாரம் உண்டு. அதை மீறி நடக்கும் திருமணம் தொடக்கம் முதலே செல்லாது என்கிறது 14ஆம் பிரிவு. தடையாணை இல்லாவிட்டால், பெரும்பாலும், திருமணத்தை நீக்கக் கோரி அச்சிறுமியின் பெயரிலேயே மாவட்ட நீதிமன்றத்தில் மனுச்செய்ய வேண்டியிருக்கிறது. பெற்றோரை எதிர்த்து வழக்காடும் அந்தப் பெருஞ்சுமையை, உரிய நேரத்தில் கிடைக்கும் சட்ட ஆலோசனை ஒரு குழந்தையின் தோளிலிருந்து இறக்கிவிடுகிறது. ஆகவே, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் சட்டம் சார் நன்னடத்தை அலுவலர், தகவல் வந்த கணத்திலேயே கலந்தாலோசிக்கப்பட வேண்டியவர்.

பாலியல் குற்ற ஐயங்களிலும் இதே தேவை எழுகிறது. உண்மையென்று உறுதியான பின்னரே காவல்துறைக்குச் சொல்லவேண்டும் என்றெண்ணிப் பணியாளரே குழந்தையைத் திரும்பத் திரும்ப வினவினால், சொல்லிக்கொடுத்துப் பேசவைத்ததாகக் குறுக்கு விசாரணையில் குற்றம்சாட்ட அது இடமளிக்கும். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவோ, குற்றம் நிகழக்கூடும் என்ற அச்சம் எழுந்தாலே தெரிவிக்கப் பணிக்கிறது. நல்லெண்ணத்தில் தகவல் தருபவருக்கு உரிமையியல், குற்றவியல் பொறுப்பு எதுவுமில்லை என்றும் உறுதியளிக்கிறது.

நடுவருக்குரிய அதிகாரம் கொண்ட குழந்தைகள் நலக் குழுவுக்கு 15 நாளில் முடித்துத் தரவேண்டிய சமூக விசாரணை அறிக்கையிலும் சட்டமறிந்தவரின் கண் படுவது நன்று. ‘தந்தை பொறுப்பற்றவர்’ என்னும் தீர்ப்பைவிட, எந்நாளில் எது நடந்தது, யார் நேரில் கண்டார், எது கேள்விப்பட்டது என்று பிரித்தெழுதிய வரிகளே குழுவின் முடிவுக்கு உதவும்.

எனினும், பணியாளருக்கு ஆலோசனை கூறுபவரே குழந்தையின் வழக்கறிஞராகவும் விளங்குவது முறையன்று; குழந்தை இல்லத்தில் சேர்ப்பதே பாதுகாப்பு எனப் பணியாளர் கருதும்போது, தாயிடமே போகவேண்டும் என்று குழந்தை விரும்பலாம். அவ்விருப்பத்தை எடுத்துரைக்கத் தனி வழக்கறிஞர் வேண்டும். சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987 குடும்ப வருமானத்தைப் பாராமல் ஒவ்வொரு குழந்தைக்கும் இலவச சட்ட உதவி பெறும் உரிமையை வழங்கியிருப்பதால், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் அதைக் கேட்டுப் பெறலாம்.