பட்டினியில் சுருங்கும் இதயம்

அனோரெக்சியா நெர்வோசா என்ற பெயரை 1873-ல் சூட்டியவர் லண்டன் மருத்துவர் வில்லியம் கல். அதே ஆண்டு பாரிஸில் சார்ல் லாசேக்கும் இந்நோயை விவரித்தார். உடல் பருத்துவிடுமோ என்ற அச்சத்தில் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போகும் இந்த மனநோய் பெரும்பாலும் பதின்வயதில் தொடங்குகிறது. பெண்களிடம் அதிகம்; பையன்களையும் விடுவதில்லை.

வரவு குறைந்த வீட்டில் செலவைச் சுருக்குவதுபோல உடலும் சுருக்குகிறது. தைராய்டு ஹார்மோன் இறங்குகிறது. கை கால் சில்லிடுகின்றன. முதுகிலும் கன்னத்திலும் பூனைமயிர் முளைக்கிறது. இதயத் தசையே மெலிந்து, துடிப்பு மந்தமாகிறது. ஓட்டப்பந்தய வீரருக்கும் நாடி மெதுவாகத்தான் இருக்கும் என்பதால் இதை நல்ல தேகக்கட்டு என்று நினைத்து ஏமாறுவோர் உண்டு. வீரரின் இதயம் ஒரே துடிப்பில் நிறைய ரத்தத்தைத் தள்ளுவதால் நிதானமாக இயங்குகிறது. பட்டினி கிடந்த இதயத்துக்கு அந்த வலு இல்லை. படுக்கையிலிருந்து எழுந்து நின்றாலே துடிப்பு எகிறும், ரத்த அழுத்தம் சரியும், தலை சுற்றும். பகலில், விழித்திருக்கும்போது நாடி நிமிடத்துக்கு 50-க்குக் கீழே போனால் மருத்துவமனையில் சேர்ப்பது பற்றி யோசிக்க வேண்டும் என்பது அமெரிக்க வளரிளம் பருவ மருத்துவர்களின் வழிகாட்டுதல்.

இரைப்பையும் மந்தமாகிவிடுவதால் இரண்டு வாய் உண்டதுமே வயிறு நிரம்பிவிட்டதாகத் தோன்றும். பிள்ளை சாக்குச் சொல்கிறது என்று வீட்டார் கோபித்துக்கொள்வார்கள். அது சாக்கில்லை.

எலும்புக்கு நேரும் நஷ்டம்தான் நீண்ட நாள் நிற்பது. ஆயுளுக்கும் தேவையான எலும்பு வலுவின் பெரும்பகுதி இருபது வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. சேரவேண்டிய அந்தக் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் வற்றி மாதவிலக்கு நின்றுபோகிறது, அழுத்த ஹார்மோனான கார்டிசால் ஏறுகிறது. கருத்தடை மாத்திரை கொடுத்து உதிரப்போக்கை வரவழைக்கலாம். அதனால் எலும்பு தேறுவதில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்ற பொய்யான ஆறுதல்தான் மிச்சம். எடை திரும்புவதே எலும்புக்கு முக்கிய மருந்து.

மனமும் தப்புவதில்லை. ஆய்வாளர் ஆன்சல் கீஸ் மினசோட்டாவில் 1944–45-ல் ஆரோக்கியமான 36 இளைஞர்களைத் தேர்ந்து, 24 வாரம் அரைவயிற்றுச் சாப்பாட்டில் வைத்தார். எரிச்சலும் சோர்வும் வந்தன. பகலெல்லாம் சாப்பாட்டு நினைப்பு. சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். நோயாளியிடம் தெரியும் பிடிவாதத்தில் ஒரு பங்கு பட்டினியின் வேலை என்பது இந்த ஆய்விலிருந்து புலனாகிறது.

ஆபத்து சாப்பிடத் தொடங்கும்போதும் உண்டு. மாவுச்சத்து உள்ளே போனதும் இன்சுலின் பெருகி, ரத்தத்திலுள்ள பாஸ்பேட்டைத் திசுக்களுக்குள் இழுத்துக்கொள்கிறது. ஏற்கெனவே இருப்பு வற்றிய உடலில் அது மேலும் சரிந்தால் இதயமும் சுவாசத் தசையும் தள்ளாடும். இரண்டாம் உலகப்போர் முடிவில் விடுதலையான கைதிகள் சிலர் உணவு கிடைத்த பின் இறந்ததற்கு இது ஒரு காரணம். ஆகவே முதல் சில நாட்கள் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் அளவுகளை அடிக்கடி சோதித்துக்கொண்டே உணவைக் கூட்டுகிறார்கள்.

அதற்கு முன்பு எடுக்கும் ரத்தப் பரிசோதனை பெரும்பாலும் இயல்பாகவே வரும். ஆள் ஒல்லியாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பருமனாயிருந்து வேகமாக இளைத்த பிள்ளைக்கும் இதே சிக்கல்கள் வருகின்றன. மருத்துவரிடம் போகும் பெற்றோர் இப்போதைய எடையோடு, எத்தனை மாதத்தில் எவ்வளவு இறங்கியது, மாதவிலக்கு எப்போது நின்றது என்பதையும் சொல்ல வேண்டும்.