பச்சை லைட் எரியுது, ஆனா லிங்க் ஒருவழிப்பாதை

சுவிட்ச்களுக்கு நடுவுல போற ஃபைபர்ல பொதுவா ரெண்டு இழை இருக்கும். ஒண்ணு அனுப்ப, ஒண்ணு வாங்க. இதுல ஒண்ணு மட்டும் போனா போர்ட் டவுன் ஆகிடும்னுதான் நினைப்போம். ஆட்டோ நெகோஷியேஷன் ஆன்ல இருந்தா பெரும்பாலும் அப்படித்தான். ஆனா நடுவுல மீடியா கன்வெர்ட்டர் இருந்தாலோ, இழைகளை வேற வேற போர்ட்ல மாத்திச் செருகியிருந்தாலோ, ரெண்டு பக்கமும் லைட் எரியும். டேட்டா மட்டும் ஒரு பக்கமாத்தான் போகும்.

இதுல பெரிய ஆபத்து லூப். ஸ்பானிங் ட்ரீ ஒரு போர்ட்டை மூடி வச்சிருக்கக் காரணம், எதிர்ப்பக்கத்துலேருந்து பிபிடியூ வந்துக்கிட்டே இருக்குறதுதான். அது நின்னா, 'அந்தப் பக்கம் யாரும் இல்ல'ன்னு நினைச்சு, 20 விநாடி பொறுத்து, அப்புறம் 15, இன்னொரு 15, மொத்தம் 50 விநாடியில போர்ட்டைத் திறந்துவிடும். ஈதர்நெட் ஃப்ரேமுக்கு ஆயுள் கணக்கு கிடையாது. பிராட்காஸ்ட் சுத்திக்கிட்டே இருக்கும், மொத்த நெட்வொர்க்கும் படுத்துடும்.

இதுக்குத்தான் சிஸ்கோ யூடிஎல்டி கொண்டு வந்தாங்க. 2008-ல ஆர்எஃப்சி 5171-ஆ வெளியாச்சு. ஒவ்வொரு சுவிட்சும் தன் அடையாளத்தோட, தான் யாரையெல்லாம் கேட்டேன்ங்கிற பட்டியலையும் சேர்த்து அனுப்பும். எதிராளி பட்டியல்ல என் பேர் இல்லன்னா, நான் அனுப்புறது அங்க சேரலன்னு அர்த்தம். உடனே போர்ட்டை எர்ர்டிசேபிள் பண்ணிடும்.

எதிராளி திடீர்னு மௌனமாயிட்டா? 15 விநாடிக்கு ஒருமுறை மெசேஜ்னு வச்சா, மூணு தடவை வராம போக 45 விநாடி. அதுக்கப்புறம் நார்மல் மோட் போர்ட்டை அப்படியே விட்டுடும். அக்ரஸிவ் மோட் விநாடிக்கு ஒண்ணா 8 தடவை கூப்பிட்டுப் பார்த்துட்டு மூடிடும்.

ரேப்பிட் ஸ்பானிங் ட்ரீ 6 விநாடியிலேயே பழைய தகவலை மறந்துடும். அதனால யூடிஎல்டி மட்டும் போதாது, லூப் கார்டும் போடுங்க. லூப் கார்டு மட்டும் போட்டாலும் பத்தாது. ஆரம்பத்துலேயே தப்பாச் செருகின இழையை அது கண்டுபிடிக்காது.

யூடிஎல்டியை ரெண்டு முனையிலும் ஆன் பண்ணணும். போர்ட் மூடிக்கிச்சுன்னா உடனே ரீசெட் அடிக்காதீங்க. முதல்ல ரெண்டு பக்கமும் வந்து சேர்ற ஒளியின் அளவைப் பாருங்க, கனெக்டரைத் துடைங்க, எந்த இழை எந்த போர்ட்ல இருக்குன்னு தடவிப் பாருங்க. அப்புறம் திறக்கலாம்.